வாழைகள் வந்த வீட்டில் உப்பு இல்லை

ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் குத்தாலிங்கத்தின் ஏத்தன் வாழைகள் வாய்க்கால் வயலை விட்டுக் கிளம்பி, பாலத்தைத் தாண்டி, கீழத்தெரு வழியாக வந்து, ரேஷன் கடைத் திருப்பத்தில் திரும்பி, என் தம்பி சொரிமுத்துவின் வீட்டைச் சுற்றி நின்றுகொண்டன. வேரும் மண்ணுமாக வந்திருந்தன, குலை தள்ளியவை முட்டுக்கம்போடு வந்திருந்தன, கன்றுகள் தாய் வாழையின் காலை ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. வந்ததெல்லாம் சரி. தெரு நெடுகச் சேறு. அதைக் கூட்டிக் கழுவியது யார்? நான்தான்.

என் பெயர் முப்பிடாதி. சொரிமுத்துவுக்கு அக்காள். பக்கத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் என்பதால் அந்த வீட்டு வேலையும் என் தலையில், இந்த வீட்டு வேலையும் என் தலையில், நடுவில் பீடி சுற்றும் தட்டு மடியில். இதில் வாழைகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தால் என்ன செய்ய?

விடிந்ததும் குத்தாலிங்கம் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் வாழைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏளா முப்பிடாதி, என் வாழைய எதுக்கு உங்க வீட்டுல கொண்டாந்து வச்சிருக்கிய?"

"நாங்களா கொண்டாந்தோம்? அதுவா வந்துச்சு. கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி."

கூட்டிக்கொண்டு போகத்தான் பார்த்தார். ஆள் விட்டுத் தோண்டி, டிராக்டரில் ஏற்றி, பழைய குழியிலேயே நட்டு, தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தார். மறுநாள் டிராக்டர்காரன் டீ குடித்து முடிப்பதற்குள் அத்தனையும் எங்கள் வாசலுக்குத் திரும்பியிருந்தன, கூடவே அடுத்த வயல்காரரின் நாட்டு வாழையும் நாலைந்து சேர்ந்து வந்திருந்தது. அப்புறம் குத்தாலிங்கம் தோண்டுவதை விட்டுவிட்டார். வாழையை வயலுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் வயலை வாழைக்குக் கொண்டுவந்துவிட வேண்டியதுதான் என்று, எங்கள் முற்றத்தின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டி, தொட்டித் தண்ணீரைத் திருப்பி, காலையும் மாலையும் உரச்சட்டியோடு வந்து நின்றார்.

ஊர் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்து சுற்றிப் பார்த்து, மரம் ஒரு சர்வே எண்ணிலும் உரிமையாளர் இன்னொரு சர்வே எண்ணிலும் இருப்பதற்கு விதி இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு சீப்புப் பழம் வாங்கிப் போனார். பால்காரன் சைக்கிளைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து உள்ளே வரப் பழகிக்கொண்டான். சடங்கு வீட்டுக்காரர்களும் கருமாதி வீட்டுக்காரர்களும் இலை அறுக்க நேராக இங்கேயே வந்தார்கள், அறுத்த கையோடு காப்பியும் கேட்டார்கள். வாழை ஏன் வந்தது என்று ஒருவர் கேட்க வேண்டுமே! இலை எப்படி, குலை எப்போது வெட்டுவீர்கள், நுனி இலை எனக்கு எடுத்து வையுங்கள், இதுதான் பேச்சு.

ஏன் வந்தன என்பது எனக்குத் தெரியும். தம்பி பெண்டாட்டி பரமகல்யாணிக்காகத்தான் வந்தன.

கல்யாணி எங்களுக்கு அந்நியம் இல்லை, எங்கள் தாய்மாமன் மகள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அவர்களைப் பெற்றவர்களும் அப்படியே. மூன்று தலைமுறையாக இரண்டு வீட்டுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஒவ்வொரு மணவறையிலும் வாழையடி வாழையாக வாழ வேண்டும் என்று அட்சதை போட்டு வாழ்த்திக்கொண்டிருந்த கூட்டம் நாங்கள். கல்யாணி சிறு பிள்ளையிலிருந்தே உப்பு தின்பாள். கல் உப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கற்கண்டு மாதிரித் தின்பாள், ஊறுகாய்ச் சாடியில் ஊறுகாய் இருக்கும், உப்புத் தண்ணீரைக் குடித்திருப்பாள். ஓடி விளையாடினால் கால் பின்னிக்கொள்ளும், விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். உப்பு தின்றுதான் இப்படி ஆகிறது என்று எங்கள் மாமா அவளைப் புளிய விளாறால் அடித்தார். அவளுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், கோட்டூர் என்று பெயர். அவனும் உப்பு தின்றான், அவனையும் அடித்தார். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பேய் அடித்துவிட்டது என்றார்கள். அந்தப் பிள்ளையின் டிராயர் பையில் கல் உப்பு இருந்தது.

கல்யாணி முழுகாமல் இருந்து ஐந்தாம் மாதம் நடக்கும்போது, கிணற்றடியில் உட்கார்ந்தவளுக்குக் கால் வரவில்லை. ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள், சிறுநீரை ஒரு நாள் முழுக்கக் கேனில் பிடித்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். எங்கள் உறவுமுறையைப் படம் போட்டுப் புரிந்துகொள்ளப் பார்த்து, நான் சொல்லச் சொல்லக் கோடு இழுத்து, கடைசியில் கோடெல்லாம் ஒன்றோடொன்று சிக்கியதும் பேனாவை மூடிவிட்டாள்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. சிறுநீரகத்துக்குள்ள சின்னச் சின்னக் குழாய் இருக்கு. வெளிய போற உப்புல உடம்புக்கு வேண்டியத அதுதான் திரும்ப எடுத்துக்கும். இவங்களுக்கு அது பிறவியிலேயே சரியா எடுக்கல. அப்பா வழியிலயும் அம்மா வழியிலயும் வந்திருக்கு. உப்பு போகுது, கூடவே பொட்டாசியமும் போகுது. அது ரொம்பக் குறைஞ்சா கை கால் வராது, இதயமே நின்னுரும். இப்ப வயித்துல குழந்தை வேற. ஊருக்கே உப்பக் குறைங்கன்னு சொல்றோம்ல, இவங்களுக்கு அதச் சொல்லாதீங்க. இவங்க உப்பு சாப்பிடணும், இந்த மருந்தையும் தண்ணில கலந்து விடாமக் குடிக்கணும்."

"வாழப்பழம் குடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"குடுங்க. ஆனா ஒரு தோட்டத்தையே சாப்பிட்டாலும் அது மட்டும் போதாது."

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் வாழைதான். கல்யாணி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அந்த வாழைகளும் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்துவிட்டன. வாழைக்குத் தெரிந்தது பழம், அது பழத்தோடு வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். மனிதர்களுக்கு என்ன வந்தது?

ஆவுடைப் பெரியம்மை வந்தாள். எங்கள் ஊரில் பெண்கள் ஆடி மாதக் கடைசிச் செவ்வாயில் நோன்பு கும்பிடுவார்கள். ஆண் வாடையே கூடாது, ஆண் குழந்தையைக்கூடத் தூக்கி வரக் கூடாது. உப்பில்லாமல் பச்சரிசி மாவில் கொழுக்கட்டை பிடித்துப் படைத்து, விடிவதற்குள் ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்று தீர்த்துவிட வேண்டும், உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. அந்த நோன்புக்குத் தலைவி ஆவுடைப் பெரியம்மை. குரலும் பெரிது, மூக்குத்தியும் பெரிது. வாழைகளுக்கு நடுவில் நடந்து வந்து, கட்டிலில் கிடந்த கல்யாணியைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏளா, ஆடிச் செவ்வா அன்னைக்கு மரம் நடந்து வந்திருக்குன்னா என்ன அர்த்தம்? அம்மா இவ மேல எறங்கியிருக்கா. இந்த வருசம் நோம்பு இந்த வீட்லதான். அதுவரைக்கும் இங்கன உப்பு பொழங்கக் கூடாது."

"பெரியம்ம, அவளுக்கு உப்பு வேணும். டாக்டர் சொல்லியிருக்கு."

"டாக்டர் எந்த ஊர்ல புள்ளத்தாச்சிய உப்பு திங்கச் சொல்லுதான்? காலு வீங்கிராதா? நர்சம்மா மாசா மாசம் வந்து உப்பக் குறை, உப்பக் குறைன்னு தொண்ட கிழிய கத்துதா. சாமியும் அதான் சொல்லுது, சர்க்காரும் அதான் சொல்லுது. நீ ஒருத்திதான் வேற சொல்லுத."

சாமியும் சர்க்காரும் ஒன்று சேர்ந்தபிறகு முப்பிடாதி சொல்லி யார் கேட்டார்கள்? பெண்கள் தட்டில் சூடம் ஏற்றிக் கல்யாணிக்குக் காட்டிவிட்டு, மிகுந்த மரியாதையோடு அடுக்களைக்குள் போய், உப்புச் சாடியை எடுத்தார்கள், ஊறுகாயை எடுத்தார்கள், கருவாட்டை எடுத்தார்கள், அப்பளத்தைக்கூட விடவில்லை. மருந்துப் பாட்டிலை ஒருத்தி நக்கிப் பார்த்து, இதுவும் உப்புக் கரிக்கிறது என்றாள். அதுவும் போயிற்று. பலசரக்குக் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு உப்பு விற்பதில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார். என் வீட்டு அடுக்களையையும் துடைத்துவிட்டார்கள், பக்கத்து வீடாம், காற்று அடிக்குமாம்.

என் தம்பியைச் சொல்ல வேண்டும். சொரிமுத்துவைப் பார்த்தால் ஊரில் பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். கோயிலில் முதல் விபூதி அவனுக்கு. அவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாழைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சாந்தமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, உன் பொண்டாட்டி சாகப் போறாலே. டவுனுக்குப் போயி அந்த மருந்த வாங்கிட்டு வாலே."

"ஊரே சொல்லுதுல்லாக்கா. நாம மட்டும் எதுத்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? நோம்பு முடியட்டும்."

நானே டவுனுக்குப் போகலாமென்றால் இவளை இந்தக் கூட்டத்திடம் ஒரு பகல் முழுக்க விட்டுவிட்டு எப்படிக் கிளம்ப? கல்யாணியிடம் போனேன். அவளாவது வாயைத் திறந்து எனக்கு உப்பு கொடுங்கள் என்று கேட்டால் என்ன? கேட்க மாட்டாள். உப்புக்காக அடி வாங்கியே வளர்ந்தவள், இப்போது உப்பு தின்னாததற்காக ஊரே கும்பிடுகிறது, அவளுக்கு அது கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. "இருக்கட்டும் மதினி, பழந்தான் இருக்குல்லா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் அவள்மேல் விளாறு எடுக்கலாமா என்று தோன்றியது.

பழம் தின்றாள். காலையில் பழம், மத்தியானம் உப்பில்லாத சோறும் பழமும், ராத்திரி பழம். அவள் இளைக்க இளைக்க வாழைகள் நெருங்கி வந்தன. முற்றத்தில் நின்றவை நடைக்கு வந்தன, இலைகள் ஜன்னல் வழியாக உள்ளே நீண்டு அவள் நெற்றியைத் தொட்டன, அடுக்களைத் தரையைப் பிளந்துகொண்டு கன்று வந்தது, கட்டிலுக்கு நேராகக் குலைகள் சாய்ந்து பழங்கள் தாமாகவே தோல் உரிந்து காத்திருந்தன. அவற்றுக்கும் தெரிந்துவிட்டது போதவில்லை என்று, பாவம், அவற்றிடம் வேறு என்ன இருக்கிறது? கடைசிச் செவ்வாய்க்கு முந்தின நாள் கல்யாணியின் கைவிரல்கள் மடங்கியவை விரியவில்லை. நெஞ்சு தவ்வுது மதினி என்றாள். ஆட்டோவுக்குப் போன் போட்டேன். ஆட்டோ தெருமுனைக்கு மேல் வர முடியவில்லை, வாசல் தெரியாத அளவுக்கு வாழை. அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அம்மன் மரத்தில் வெட்டு விழக் கூடாது என்று ஆவுடைப் பெரியம்மை குறுக்கே நின்றாள், என் மரத்தில் வெட்டு விழக் கூடாது என்று குத்தாலிங்கம் குறுக்கே நின்றார், ஆட்டோக்காரன் வெயிட்டிங் சார்ஜ் கேட்டுவிட்டுப் போய்விட்டான். வாசலில் உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன். அழுகை உப்புக் கரித்தது. ஊரில் எனக்கு மிச்சம் விட்டிருந்த உப்பு அவ்வளவுதான்.

அப்போதுதான் மாரியம்மன் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பலிபீடத்தில், உடம்பில் மருவோ கட்டியோ வந்தவர்கள் உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டி நேர்ந்துகொள்வார்கள். ஆடியில் அது குவிந்துகிடக்கும். அந்த உப்பை எடுத்துவிட ஆவுடைப் பெரியம்மைக்கும் கை வராது, பலசரக்குக் கடைக்காரருக்கும் கை வராது. செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில், பூசாரி சாப்பிடப் போன நேரம், உள்ளே போனேன். தாயே, உனக்கு ஊரே உப்பு கொட்டுகிறது, நீ ஒரு கல் தின்று நான் பார்த்ததில்லை, தின்கிறவளுக்குக் கொடு என்று சத்தமாகவே சொன்னேன். சேலை முந்தியை விரித்து இரண்டு கையாலும் அள்ளினேன். வீட்டில் சல்லடையில் சலித்து மிளகைப் பிரித்தேன், அவசரத்தில் ஒன்றிரண்டு தப்பிவிட்டது.

ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து உடனே கல்யாணிக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொண்டுபோனேன். கட்டிலைச் சுற்றிப் பெண்கள் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதென்றாலும் ஆவுடைப் பெரியம்மை முதலில் வாங்கி நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். மாவு பிசைவது மட்டும் வருஷா வருஷம் என் வேலை. அதை யாரும் பார்ப்பதில்லை.

விளக்கு வைத்ததும் ஆண்கள் எல்லாரும் ஊருக்கு வெளியே குளத்துக்கரைக்குப் போய்விட்டார்கள், சொரிமுத்துவும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். கதவைச் சாத்தினோம். நான் பிசைந்தேன், மற்றவர்கள் பிடித்தார்கள், என்ன வடிவத்தில் பிடிப்போம் என்று சொல்ல மாட்டேன், அந்த அளவு விவஸ்தை எனக்கு இருக்கிறது. வேகவைத்து, படைத்து, கும்பிட்டு, இலை போட்டு உட்கார்ந்தோம். முதல் கொழுக்கட்டை கல்யாணிக்கு. விரல் விரியாததால் நானே ஊட்டினேன். கடித்தவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெல்லாமல் அப்படியே விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

அப்புறம் மற்றவர்கள் கடித்தார்கள்.

அத்தனை பெண்கள், அத்தனை வாய், ஒரு சத்தம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சொன்னால் நோன்பு கெட்டது, சொன்னவள்தான் கெடுத்தவள். துப்பக் கூடாது, மிச்சம் வைக்கக் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது. எல்லாரும் ஆவுடைப் பெரியம்மையின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக மென்றுகொண்டிருந்தாள். பல்லில் ஏதோ நறுக்கென்றது. வாயில் விரலை விட்டு எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு மிளகு.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெட்டினால் வெட்டு என்று உட்கார்ந்திருந்தேன். அவள் கல்யாணியைப் பார்த்தாள். கல்யாணி நான் ஊட்டுவதற்குக் காத்திராமல் என் கையிலிருந்ததை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தாள், பசித்த கன்று மடியை முட்டுவதைப் போல. ஆவுடைப் பெரியம்மை மிளகைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"மாவு நல்லாப் பதமா பெசஞ்சிருக்க" என்றாள் என்னிடம். பிறகு தன் இலையில் இருந்த கொழுக்கட்டைகளைக் கல்யாணியின் இலைக்கு நகர்த்தினாள். "எனக்குப் பல்லு சரியில்ல. புள்ளத்தாச்சி திங்கட்டும்."

பக்கத்தில் இருந்தவளுக்கும் பல் சரியில்லாமல் போயிற்று. அதற்கடுத்தவளுக்கும். இருபது வயசுப் பெண்ணுக்குக்கூடப் பல் சரியில்லை. மருந்துப் பாட்டிலை ஒருத்தி வீட்டுக்குப் போய் இடுப்பில் செருகிக் கொண்டுவந்து வைத்தாள், ஒரு மாதமாக அவள் வீட்டுப் பரணில் இருந்ததாம். அதையும் கலக்கிக் கொடுத்தேன். விடிவதற்குள் வாழைகள் வாசலை விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. அவற்றுக்கு யார் சொன்னார்களோ. ஆட்டோ நேராகக் கட்டில் வரைக்கும் வந்தது, ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்றிக் கிடத்தினார்கள், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இங்கே கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று அந்தச் சின்ன டாக்டர் என்னைத் திட்டினாள். என்னை!

அன்றிலிருந்து எங்கள் ஊர் நோன்புக் கொழுக்கட்டையில் உப்பும் ஒரு மிளகும் உண்டு. ஆண்கள் இன்னும் அதை உப்பில்லாக் கொழுக்கட்டை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நோன்பு விஷயத்தை வெளியே சொன்னால் கண் அவிந்துபோகும் என்பார்கள். சொல்லிவிட்டேன், ஊசியில் நூல் கோர்க்க இன்றைக்கும் யாரையும் கூப்பிடுவதில்லை.

புரட்டாசிக்குள் வாழைகள் ஒவ்வொன்றாக வயலுக்குத் திரும்பிவிட்டன. குத்தாலிங்கம் கால்வாயை மூடாமலே போய்விட்டார், மூடியது நான். கார்த்திகையில் கல்யாணிக்குப் பெண் பிறந்தது. கொழுகொழுவென்றுதான் இருந்தாள். பிள்ளைக்கு அது இருக்குமா என்று கேட்டதற்கு, அப்பா வழியிலும் இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வளரட்டும், பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். நாங்கள் அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை.

தொட்டில் போட்ட அன்று காலையில், ஊர்ப் பெண்கள் சீனியும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளையைத் தொட்டிலில் போடக் குனிந்தேன். தொட்டிலுக்கு அடியில், சிமெண்ட் தரையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு வாழைக்கன்று நின்றது. நேற்று அது அங்கே இல்லை. இலை இன்னும் சுருள் பிரியாமல் தொட்டில் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணி எனக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள். "மதினி" என்றாள். சொரிமுத்து கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினான். ஆவுடைப் பெரியம்மை அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏளா முப்பிடாதி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? ஆட்டோவுக்குச் சொல்லு. டாக்டர்ட்ட பிள்ளையக் காட்டி ரத்தம் பாக்கச் சொல்லு, என்ன மருந்து, எம்புட்டு உப்புன்னு நல்லாக் கேட்டுட்டு வா. நீ எதையும் காதுல வாங்க மாட்ட."

நான்! நான் காதில் வாங்க மாட்டேனாம்! ஆடி முழுக்க இவள் காலில் விழாத குறையாகக் கத்தியவள் நான். வந்த ஆத்திரத்தில் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். உச்சந்தலையில் முத்தம் கொடுத்தேன். உப்புக் கரித்தது, என் கண்ணீராகவும் இருக்கலாம்.

ஆட்டோ வருவதற்குள் அந்தக் கன்றுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். வந்தது வந்துவிட்டது, வாடவா விட முடியும்?